வைடால் பாசிடிவ், ஆனால் டைஃபாய்டு இல்லை: இது எப்படி?

பலமநேர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வேர்க்கடலை பிடுங்கி முடித்த சமயத்தில் அவர் அம்மாவுக்கு ஜுரம் வந்தது. நாலாம் நாள் ஊர் லேபில், டைஃபாய்டா என்று பார்க்கும் வைடால் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘ஓ’ என்ற இடத்தில் 1:160 என்று வந்தது. டைஃபாய்டு என்று சொல்லி ஊசி போட்டார்கள். எட்டாம் நாள் வரை ஜுரம் இறங்கவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இடுப்பில் இருந்த ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, இது ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு பாக்டீரியா ஜுரம் என்றார்கள். மருந்தை மாற்றிய இரண்டு நாளில் ஜுரம் விட்டது. முதல் ரிப்போர்ட் பொய்யா, ரத்தத்தில் கிருமி இருந்தால் ஒரே டெஸ்டில் தெரியாதா, மைக்ரோபயாலஜியில் இதற்கென்று ஆராய்ச்சி எதுவும் நடக்கிறதா, அம்மாவுக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பாக்டீரியா நோய்களைக் கண்டறிவதுதான் என் வேலை. குடியாத்தம், பரதராமி, சித்தூர், வி.கோட்டா, குப்பம் என்று தமிழ்நாடு, ஆந்திர எல்லைக்கு இரண்டு பக்கத்து ரத்தமும் எங்கள் மேஜைக்கு வரும். சீட்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும், எடுக்க வேண்டிய டெஸ்ட் இருக்கும். ஜுரம் வந்து எத்தனையாவது நாள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். காரணம் போகப் போகப் புரியும்.

முதல் ரிப்போர்ட் பொய்யில்லை. 1:160 என்பது உண்மையாகவே வந்திருக்கும். ஆனால் அதற்கு டைஃபாய்டு என்று அர்த்தம் இல்லை. வைடால் டெஸ்ட் 1896இல் ஃபெர்னான் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்தது. டைஃபாய்டு கிருமியைக் கொன்று தயாரித்த கலவையில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, சேர்ப்பார்கள். சீரத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் திரிதிரியாகச் சேரும். சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் அது சேருகிறது என்பதுதான் 1:80, 1:160 என்று எழுதப்படுவது. அதாவது இந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியை எதிர்த்து உடம்பு செய்துவைத்ததைத் தேடுகிறது. அந்த ஆன்டிபாடி போன வருஷம் வந்துபோன டைஃபாய்டில் உண்டானதாக இருக்கலாம், தடுப்பூசியால் வந்ததாக இருக்கலாம், உறவுக்காரக் கிருமி ஒன்றால் வந்ததாகவும் இருக்கலாம். மலேரியா மாதிரி வேறு ஜுரத்தில் உடம்பு கலங்கும்போது பழைய ஆன்டிபாடி மறுபடி கொஞ்சம் ஏறுவதும் உண்டு.

டைஃபாய்டு அபூர்வமாக இருக்கும் நாட்டில் 1:160 என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான். நம் ஊர் அப்படியில்லை. 2017 முதல் 2020 வரை இந்தியாவில் நாலு இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. வேலூரும் அதில் ஒன்று. நகரப் பகுதிகளில் வருஷத்துக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1173 வரை டைஃபாய்டு வருவதாக அதில் கணக்கிட்டார்கள். இவ்வளவு புழங்கும் ஊரில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலர் ரத்தத்திலும் ஓரளவு ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும். அதனால் ஒரே ஒரு வைடாலை வைத்து முடிவு செய்யக் கூடாது. முறைப்படி என்றால் பத்துப் பதினாலு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, இரண்டாவதில் அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நோயாளி பிழைத்து வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஐசியுவில் இருப்பார். அதனால் யாரும் இரண்டாவதை எடுப்பதில்லை. இன்னொன்று, டைஃபாய்டே இருந்தாலும் ஆன்டிபாடி ஏற ஒரு வாரம் ஆகும். நாலாம் நாள் வைடாலுக்குச் சரியான நாளே இல்லை.

அப்படியிருந்தும் இது ஏன் எல்லா லேபிலும் ஓடுகிறது? மலிவு. கண்ணாடித் தகட்டில் ஒரு நிமிஷ வேலை. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியம் காகிதம் கையில். ஆர்.எம்.பி. முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் பழகிய பெயர். ‘டைஃபாய்டு’ என்று ஒரு பெயர் கிடைத்ததும் வீட்டிலும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் அடுத்த நாலு நாள் வீணாகிறது. இந்த டெஸ்டை நம் ஊர்களிலிருந்து எடுத்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத டாக்டர்கள் இருக்கிறார்கள், தெரியும்.

சரி, கிருமியையே நேராகப் பிடிக்க முடியாதா? டைஃபாய்டுக்கு முடியும். அதற்குப் பெயர் பிளட் கல்ச்சர். முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் ஒரு டோஸ்கூடப் போடுவதற்கு முன், ரத்தம் எடுத்து ஊட்டத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, இன்குபேட்டரில் வைக்க வேண்டும். கிருமி வளர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், மெஷின் அதைக் கண்டுகொண்டு மணி அடிக்கும். பிறகு தட்டில் வளர்த்து, இன்ன கிருமிதான் என்று உறுதி செய்து, எந்த மருந்துக்குப் பணிகிறது என்று பார்த்துச் சொல்வோம். மொத்தம் மூன்று நாளாவது ஆகும்.

இதில் ஜனங்களுக்குக் கோபம் வருவது ரத்தத்தின் அளவில். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, அதுவும் இரண்டு பாட்டில். ‘ஏற்கெனவே வாடிக் கிடக்கிறா, இவ்வளவு ரத்தமா உறிஞ்சறது’ என்று சண்டைக்கு வருவார்கள். கணக்கைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். டைஃபாய்டு ஜுரம் கொதிக்கும்போதும் ஒரு மில்லி ரத்தத்தில் சராசரியாக ஒரு கிருமிதான் இருக்கும், பலருக்கு அதுவும் இருக்காது. இரண்டு மில்லி எடுத்தால் அதில் ஒன்றுகூட மாட்டாமல் போகலாம். மாட்டாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் வளர்க்க முடியாது. அளவு, நாள் எல்லாம் சரியாக அமைந்தாலும் டைஃபாய்டு உள்ளவர்களில் பாதிப் பேருக்கோ, அதற்குக் கொஞ்சம் மேலோதான் பிளட் கல்ச்சரில் பிடிபடும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் அதைவிட அதிகம் பிடிபடும். ஆனால் சாதாரண ஜுரத்துக்கு யார் இடுப்பெலும்பில் ஊசி குத்திக்கொள்வார்கள்? அதனால் கல்ச்சர் நெகடிவ் என்றாலும் டைஃபாய்டு இல்லவே இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. பாசிடிவ் என்றால் மட்டும் அடித்துச் சொல்வோம்.

சில நேரம் பாசிடிவும் ஏமாற்றும். தோல் மேல் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள் ஊசியோடு பாட்டிலுக்குள் போய் வளர்ந்துவிடும். ஸ்பிரிட் தடவி அது காய்வதற்குள் குத்தினால் இதுதான் கதி. இரண்டு கையில் இரண்டு தடவை எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இரண்டிலும் ஒரே கிருமி வந்தால் ரத்தத்திலிருந்து வந்தது என்று நம்பலாம், ஒன்றில் மட்டும் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது உங்கள் அம்மாவின் நோய். ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா பிளட் கல்ச்சர் பாட்டிலில் வளரவே வளராது. அது நம் செல்களுக்கு உள்ளே போய்த்தான் பிழைக்கும். வளர்க்க வேண்டுமானால் உயிருள்ள செல்கள் வேண்டும், உயர் பாதுகாப்பு லேப் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். சிகிச்சைக்கு அது உதவாது. அதனால்தான் ‘ஒரே டெஸ்டில் தெரியாதா’ என்ற கேள்விக்கு ‘தெரியாது’ என்று பதில் சொல்கிறேன். வளரும் கிருமியைப் பிடிக்கும் வழி ஒன்று, வளராத கிருமியைப் பிடிக்கும் வழி வேறு.

பரப்புவது மைட் என்ற மிகச் சிறிய ஓர் உயிரியின் குஞ்சு. புதரும் புல்லும் எலி நடமாட்டமும் உள்ள இடத்தில் இருக்கும். அளவு சுமார் கால் மில்லிமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நாய், மாட்டின் மேல் கொழுத்துத் தொங்குகிறதே, அந்த உண்ணி இல்லை. கடித்தால் வலியும் இருக்காது. ஜுரம் வருவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அதற்குள் கடலைக்காட்டில் உட்கார்ந்ததையும், விறகு பொறுக்கப் போனதையும், ஆடு மேய்த்ததையும் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நம் பக்கம் மழைக்காலம் தொடங்கி தை மாதம் வரை இது உச்சத்தில் இருக்கும்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். இதற்கு எஸ்கார் என்று பெயர். சுமார் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். ஆனால் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அது உட்காரும் இடங்கள்தான் பிரச்சினை: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், பாவாடை நாடா இறுக்கும் இடம், பிறப்புறுப்பைச் சுற்றி. கூட்டமான ஓ.பி.யில் நாலு பேர் முன்னால் ஒரு வயசான அம்மாவிடம் இதையெல்லாம் காட்டச் சொல்ல முடியுமா? டாக்டர் கேட்கமாட்டார், அம்மாவும் சொல்லமாட்டார். வலிக்காததால் அங்கே ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு திரைச்சீலை, ஒரு நர்ஸம்மா, ஐந்து நிமிஷம் இருந்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும் டெஸ்டுகளை மிச்சப்படுத்தலாம். உங்கள் அம்மாவைப் பார்த்த டாக்டர் செய்தது அதைத்தான்.

பொருக்கு இல்லாதவர்களுக்கு லேப்தான் வழி. இங்கேயும் நாள் கணக்குதான். நாங்கள் அதிகம் நம்புவது ஐஜிஎம் எலைசா, அதாவது தொற்று வந்ததும் உடம்பு முதலில் செய்யும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியை அளக்கும் டெஸ்ட். இந்த ஆன்டிபாடியும் முதல் வாரக் கடைசியில்தான் தலைகாட்டும். ஆக, ஊர் லேபில் நாலாம் நாள் வைடாலுக்குப் பதிலாக ஸ்க்ரப் டெஸ்டே எடுத்திருந்தாலும் நெகடிவ் வந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் சில நாட்களில் பிடிக்கக்கூடியது பிசிஆர். பொருக்கிலிருந்து துளி எடுத்து அதில் கிருமியின் மரபணுவைத் தேடினால் நன்றாகவே கிடைக்கும். ரத்தத்தில் அந்த அளவுக்குக் கிடைக்காது.

எலைசாவில் வெளியே தெரியாத ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் தட்டில் 96 குழிகள். எட்டெட்டாகப் பிரிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறை போடும்போதும் டெஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல்களுக்கு என்று சில குழிகள் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சாம்பிள் வரும் சின்ன லேப் என்ன செய்யும்? நாலைந்து சேரட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைக்கும். டெஸ்ட் செய்ய ஆகும் நேரம் சில மணிதான். ரிப்போர்ட் வருவது மூன்று நாள் கழித்து. இந்த இடைவெளியில் சிலருக்கு நுரையீரல், கிட்னி பாதிக்கும், மூளைக்காய்ச்சல்கூட வரும். சொட்டு விட்டால் கோடு விழும் ரேபிட் கார்டுகள் இதற்காகவே வந்தவை. நல்ல கார்டும் உண்டு, மோசமானதும் உண்டு.

ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்டீர்களே, இந்த இடத்திலிருந்துதான் அது ஆரம்பிக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு எதையும் கற்பனை செய்யாதீர்கள். எலைசா மெஷின் தருவது ஓர் எண். எந்த எண்ணுக்கு மேல் போனால் நோய்? இதைக் கம்பெனிக்காரர் சொல்லிவிட முடியாது. சித்தூர், வேலூர் கிராமங்களில் ஜுரம் இல்லாதவர்களின் ரத்தத்தைச் சோதித்து, இங்கே இயல்பாக எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு உறுதியான நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுக் கோடு போட வேண்டும். கோட்டைக் கீழே போட்டால் நோயில்லாதவருக்கு மருந்து, மேலே போட்டால் நோயுள்ளவர் வீட்டுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2015 வழிகாட்டுதல் அந்த எண்ணுக்கு 0.5 என்ற அளவைச் சொல்கிறது. அப்புறம் ‘உறுதியான நோயாளி’ யார் என்பதே ஒரு தகராறு. நூற்றுக்கு நூறு பிடிக்கும் டெஸ்ட் எதுவும் இல்லாதபோது எதை வைத்து உறுதி செய்வது? பொருக்கு, பிசிஆர், இரண்டு முறை எடுத்த சீரம், மருந்துக்கு ஜுரம் இறங்கிய வேகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அலுப்பான வேலை. ஆனால் இது நடக்காமல் கடைக்கு வரும் கிட் எதையும் நான் நம்பமாட்டேன்.

வேலூர் சிஎம்சியில் காரணம் தெரியாத ஜுரத்தோடு சேர்ந்த பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஸ்க்ரப் டைபஸ். டைஃபாய்டு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் அளவுக்கு முற்றியவர்கள் இவர்கள். ஊரில் வரும் எல்லா ஜுரத்துக்கும் இது கணக்கு ஆகாது. இருந்தாலும் உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் எட்டாம் நாள் மூச்சிரைப்போடு வந்தால் முதலில் எதை நினைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சிகிச்சையிலும் வேலை நடந்தது. சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று அதில் தெரிந்தது.

மருந்தைப் பற்றி ஒரு பழைய கதை. 1948இல் குளோராம்ஃபெனிகால் புதிய மருந்து. ஸ்க்ரப் டைபஸுக்கு அது கேட்கிறதா என்று பார்க்க அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று கோலாலம்பூருக்குப் போனது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைஃபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் குணமானார்கள். டைஃபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது இப்படித்தான், உங்கள் வீட்டில் நடந்த குழப்பத்தின் நேர் எதிர்க் குழப்பத்தால். அந்த மருந்து இரண்டுக்குமே கேட்கும் என்பதால், அது புழக்கத்தில் இருந்த காலத்தில் நோயின் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் ஆள் பிழைத்துவிடுவார். இப்போது அப்படியில்லை. டைஃபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஸ்க்ரப் டைபஸை ஒன்றும் செய்யாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சரியான டைஃபாய்டுக்குச் சரியான ஊசி போட்டாலும் ஜுரம் முழுக்க விட ஐந்தாறு நாள் ஆகும். எனவே மூன்றாம் நாள் இறங்கவில்லை என்பதை வைத்து மட்டும் ‘மருந்து தப்பு’ என்று பதற வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் அப்படியில்லை. டாக்ஸிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும், உங்கள் அம்மாவுக்கு இறங்கிய மாதிரி. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

இந்தப் பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டிய இன்னும் இரண்டு பாக்டீரியாக்கள் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடு வளர்ப்பவர்களுக்கும் காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும் விட்டுவிட்டு வரும் ஜுரம், மூட்டுவலி என்றால் புரூசெல்லா. ‘மாடு கன்று போட்டுவிட்டது’, அதாவது மாதம் நிறையாமல் விழுந்துவிட்டது என்ற விவரம் எங்களுக்குத் தங்கம். அதைச் சொன்னால்தான் கல்ச்சரைக் கவனமாகத் திறப்போம், லேப் ஆட்களுக்கே தொற்றக்கூடிய கிருமி அது. சர்க்கரை நோயாளிக்கு மழைக்குப் பின் ஜுரமும் உள்ளே சீழ்க்கட்டியும் என்றால் மெலியாய்டோசிஸை நினைக்க வேண்டும். சேற்று மண்ணில் வாழும் கிருமி. தட்டில் பார்த்தால் சூடோமோனாஸ் என்று ஏமாற்றும். பல லேபில் அப்படித்தான் ரிப்போர்ட் போகிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பணியாமல் ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பணிகிறது என்றால் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்போம்.

கடைசிக் கேள்வி, அம்மாவுக்கு மறுபடி டெஸ்ட் வேண்டுமா. வேண்டாம். ஐஜிஎம் மாதக்கணக்கில் பாசிடிவாகவே இருக்கும். ‘இன்னும் கிருமி போகவில்லை’ என்று யாராவது மறுபடி மருந்து ஆரம்பித்துவிடப் போகிறார்கள். வைடாலும் வேண்டாம். டாக்டர் சொன்ன நாள் வரை மாத்திரையை முடித்தால் போதும். ஆனால் ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமியில் பல ரகம் உண்டு, எதிர்ப்புச் சக்தியும் ரொம்ப நாள் நிற்காது. அடுத்த வருஷம் கடலைக்காட்டுக்குப் போய்வந்தால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைத்துவிடச் சொல்லுங்கள். அப்புறமும் ஜுரம் வந்தால், முதல் நாள் எது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு, போன வருஷத்து டிஸ்சார்ஜ் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். போன தடவை ஸ்க்ரப் டைபஸ் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பாசிடிவைப் புதியது என்று நாங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா.